உடன் வந்தவர் இல்லாத பயணம்: மறைந்த பயண நண்பருக்கு நினைவுப் பயணம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயில், பகவதிபுரத்தைத் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது தமிழ்நாட்டில் இருக்கும். வெளியே வரும்போது கேரளத்தில் இருக்கும். எங்கள் அண்ணாச்சி அந்த வண்டியில் ஏறிவிட்டால் யாரையாவது போனில் கூப்பிடுவார். மாறிப்போன பஸ் நேரம், புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடை, யாரோ தவறாகச் சொன்ன தூரம் என்று பேச்சு ஓடும். குகை வந்ததும் அறுந்துபோகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைப்பார். "எங்கே விட்டேன்?" என்று கேட்கமாட்டார். விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர்வார்.

எங்கள் பயணக் குழுவில் நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். கைபேசி வழியாகவே சேர்ந்தவர்கள். தென்காசி, கடையநல்லூர், புளியரைக்காரர்கள், புனலூரிலும் கொல்லத்திலும் குடியேறிய தமிழர்கள், வளைகுடாவில் வேலை பார்க்கிற பத்துப் பதினைந்து பேர். அண்ணாச்சியை நேரில் பார்த்தவர்கள் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் நள்ளிரவில் அச்சன்கோவிலில் வண்டி பழுதாகி நின்றால் நூற்று நாற்பது பேருக்கும் நினைவுக்கு வரும் எண் அவருடையதுதான்.

அவர் ஓர் ஐப்பசி அடைமழையில் இறந்தார். இப்படிப்பட்ட ஒருவருக்கு எப்படி நினைவு செலுத்துவது என்பதற்கு எங்கள் வழக்கத்தில் முன்மாதிரி இல்லை. அவர் உறவினர் இல்லை, ஊர்க்காரர் இல்லை, அலுவலக நண்பரும் இல்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி நாங்கள் தவறாகச் செய்து கற்றுக்கொண்டது. எல்லைப்புறத்து வழித்தடத்தை வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் வழியைப் பொருத்திக்கொள்ளலாம்.

முதல் படி: செய்தியை வீட்டாரின் வாயால் கேளுங்கள்

குழுவில் ஒருவர் "அண்ணாச்சி போய்விட்டாராம்" என்று எழுதினார். பத்து நிமிடத்தில் நூறு கும்பிடு படங்கள் வந்துவிட்டன. அப்போது வீட்டில் அவருடைய மகனுக்கே முழு விவரம் தெரியாது, திருவனந்தபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார். இதை எங்களால் இன்னும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, வீட்டுக்குப் பழக்கமான ஒருவரை மட்டும் பேசச் சொல்லுங்கள். அவர் உறுதிசெய்து, வெளியே சொல்லலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே குழுவில் எழுத வேண்டும். எடுக்கும் நேரம், இடம், வீட்டு வழி இவை போதும். நோயின் பெயர், கடைசி நேரத்து மருத்துவமனை விவரம், உடலின் படம் எதுவும் வேண்டாம்.

எங்கள் பக்கம் துக்கம் விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்பது என்பார்கள். குழுவிலிருந்து போகிறவர்களில் வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்: துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். கைகொடுத்து விடைபெற முயன்ற சென்னைப் பையன் ஒருவனை நான் சட்டையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று. இந்தப் பகுதியில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகள் ஒரே தெருவில் இருக்கும். பதினாறாம் நாள் எல்லா வீட்டுக்கும் கிடையாது. நாற்பதாம் நாள் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

பணம் திரட்டும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டார் கேட்டால் மட்டும். அதுவும் ஒருவர் கணக்கில், வரவு செலவு எல்லோர் கண்ணிலும் படும்படி. கேட்காமல் திரட்டிக் கொண்டுபோய் நீட்டுவது, நாற்பது ஆண்டு சொந்தச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்து வாழ்ந்தவரின் வீட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாம் படி: கைபேசியில் கிடப்பதைக் காப்பாற்றுங்கள்

இதற்குக் காலக்கெடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் நீக்கப்படும். சிம் எண் 90 நாள் உபயோகம் இல்லாமல் இருந்தால் நிறுவனம் அதைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கூகுள் கணக்கு இரண்டு ஆண்டு தொடப்படாமல் இருந்தால் அதிலுள்ள படங்கள், கடிதங்களோடு அழிக்கப்படலாம்.

எங்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. மாசி மாதம் ஒரு நாள் காலையில் குழுவைத் திறந்தால், அண்ணாச்சி வெளியேறிவிட்டதாக ஒரு வரி. அவர் கோபித்துக்கொண்டு போனதைப் போல. எத்தனையோ சண்டைகள் நடந்தும் ஒரு நாளும் குழுவை விட்டுப் போகாத மனிதர்! அன்றைக்குத்தான் அவர் இறந்ததாகச் சிலருக்கு உறைத்தது.

எனவே வீட்டாரிடம் மென்மையாகச் சொல்லுங்கள்: எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பது நல்லது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் ரகசிய எண் அந்தக் கைபேசிக்குத்தான் வரும். ஆனால் அந்தக் கைபேசியைத் திறந்து பார்க்க முன்வராதீர்கள். "நான் கணினி தெரிந்தவன், கொடுங்கள் மதினி" என்று கை நீட்டுவது உதவி இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்பது குடும்பத்தின் காரியம்.

உங்கள் கைபேசியில் இருப்பது உங்கள் பொறுப்பு. அவர் அனுப்பிய குரல் பதிவுகளே முதல் செல்வம். எங்கள் குழுவில் தேடியபோது முந்நூறுக்கு மேல் கிடைத்தன. பெரும்பாலானவை இருபது வினாடிதான். "புனலூர் டெப்போவில் நிற்கிறேன், பத்தனாபுரம் வண்டி போய்விட்டது, அடுத்தது நாற்பது நிமிடம்." பின்னணியில் ஹாரன் சத்தம், யாரோ மலையாளத்தில் விலை கேட்பது, மழை. இவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தேதியும் இடமும் பெயரில் எழுதிச் சேமியுங்கள். படங்களை அனுப்பும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி, அச்சுக்கு உதவாமல் போகும். எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை வீட்டில் கொடுங்கள்.

ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றலாம். அதற்கு இறப்புச் சான்று கேட்பார்கள். மாற்றினால் அவருடைய பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும்படி யாருக்கும் நினைவூட்டல் வராது. இந்த முடிவும் வீட்டாருடையதே.

மூன்றாம் படி: ஒரு நல்ல படம் தேடுங்கள்

கிடைக்காது. பயணக் குழுவில் எல்லோருக்கும் பிரியமானவர் எப்போதும் படம் எடுக்கிறவராக இருப்பார்; எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். நாங்கள் பதினாறாம் நாளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க அவசரப்பட்டு, ஒரு கூட்டப் படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டிக் கொடுத்தோம். கடையில் அதைப் பெரிதாக்கி, மேகம் வைத்து, புறா பறக்கவிட்டு, பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் மதினி, நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் ஃபிளெக்ஸ் பக்கம் போகவில்லை.

பின்னால் புனலூர்க்காரர் ஒருவர் அனுப்பிய படம் வந்தது. தென்மலை நிலையத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கால அட்டவணையை அண்ணாந்து பார்த்து நிற்கிறார், முகம் தெரியவில்லை, அவரேதான். அதையே வைத்துக்கொண்டோம். முகம் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

நான்காம் படி: கதைகளைக் கேட்டு வாங்குங்கள்

முழு வேலையும் இங்கேதான். மற்ற எல்லாம் ஏற்பாடு.

"அண்ணாச்சியைப் பற்றி எழுதி அனுப்புங்கள்" என்று குழுவில் அறிவித்தோம். முப்பத்தெட்டு பேர் எழுதினார்கள். முப்பத்தெட்டும் ஒரே கட்டுரை: நல்ல மனிதர், உதவும் உள்ளம், ஈடு செய்ய முடியாத இழப்பு. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். குற்றம் எழுதியவர்கள்மீது இல்லை, கேள்வி சரியில்லை.

கேள்வியை மாற்றினோம். ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் அழைத்து இவற்றைக் கேட்டோம்: முதன்முதலில் அவரிடம் என்ன கேட்டீர்கள்? அவர் சொல்லி நீங்கள் கேட்காமல் அவதிப்பட்டது எது? அவர் எதற்குக் கோபப்படுவார்? அவர் சொன்ன தகவல் எப்போதாவது தவறாகப் போயிருக்கிறதா? அவரோடு சாப்பிட்டிருந்தால் என்ன சாப்பிட்டீர்கள், யார் காசு கொடுத்தார்கள்?

கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடாதீர்கள். தவறாகப் போன தகவல் பற்றிக் கேட்டதும் கடையநல்லூர்க்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சி பேச்சை நம்பி ஒரு வைகாசியில் குடும்பத்தோடு பாலருவிக்குப் போயிருக்கிறார். முந்நூறு அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துப்போனால், தண்ணீர் இல்லாமல் அருவியை மூடி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி அன்று மாலையே பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போய், ஒரு சீப்பு செவ்வாழையை வைத்துவிட்டு, "ஒரு வாரம் பழைய செய்தியைச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது" என்று சொல்லி வந்திருக்கிறார். இந்தக் கதை எங்கள் யாருக்கும் தெரியாது. அவருடைய வீட்டுக்கும் தெரியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டார் அறிந்த மனிதர் வேறு. நாம் அறிந்த மனிதர் வேறு. மதினிக்கு அவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாத கணவர். எங்கே போகிறார், போய் என்ன செய்கிறார் என்று அவருக்கு முழுதாகத் தெரியாது. அந்தப் பாதி நாள்கள் நம்மிடம் கிடக்கின்றன. நினைவுகூர்வது என்று எதையாவது செய்ய வேண்டும் என்றால், அந்த நாள்களை அள்ளிக்கொண்டுபோய் அவர் வீட்டு முற்றத்தில் கொட்டுவதைத்தான் செய்ய வேண்டும்.

குழுவுக்கு வெளியேயும் கேளுங்கள். ஆரியங்காவில் அவர் வழக்கமாகச் சாயா குடிக்கும் கடை, செங்கோட்டை பஸ் நிலையத்து நேரக்காப்பாளர், பிரானூர் மரக்கடைச் சுமைதூக்குபவர்கள். மலையாளிகளிடம் மலையாளத்திலேயே கேட்டுப் பதிவுசெய்யுங்கள், பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். சாயாக் கடைச் சேட்டன் எங்களிடம் முதலில் கேட்டது, "ஓர்மையுண்டோ அவருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?" என்பதுதான். எங்களில் ஒருவருக்கும் ஓர்மை இல்லை. சர்க்கரையே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார் என்பது மட்டும் மதினிக்குத் தெரியும். மூன்று கரண்டி என்று சேட்டன் சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் விவாதித்தோம். எழுதினோம்.

ஐந்தாம் படி: நாள் குறியுங்கள்

முதலாண்டில் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து. துக்கம் நடந்த வீட்டார் பலர் ஓராண்டுக்கு மலைக்கோவில்களுக்குப் போவதில்லை, விசேஷங்களில் கலந்துகொள்வதில்லை. தலைத்திவசம் முடியட்டும்.

நாள் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். தமிழ் இந்துக்கள் பலரும் மாதமும் திதியும் பார்ப்பார்கள். அதனால் ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் நகரும். கேரளத்தில் பல வீடுகளில் நட்சத்திரம். முஸ்லிம்களுக்குப் பிறைக் கணக்கு. கிறிஸ்தவர்களுக்கு அதே தேதி. அந்த நாளை வீட்டுக்கு விட்டுவிட்டு, நீங்கள் வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். திவசத்தன்று இருபது பேர் போய் நின்றால் சமையல்கட்டில் யார் தவிப்பது?

இந்த மலைப்பாதைக்குப் பருவம் முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை குற்றாலச் சீசன். சாரலும் குளிர்காற்றும் இழுக்கும்தான், ஆனால் தங்கும் விடுதி கிடைக்காது, மலையில் மண் சரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை முதல் நாள் தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலைக் கூட்டம். ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் மூன்றும் சாஸ்தா கோவில்கள் என்பதால் வழி முழுதும் கறுப்பு வேட்டிதான். ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. நடுவில் மார்கழியில் ஆரியங்காவில் திருக்கல்யாணம் வேறு. புஷ்கலா தேவி மதுரைச் சௌராஷ்டிரர் வீட்டுப் பெண் என்பது வழக்கு. இன்றும் மதுரையிலிருந்து அந்தச் சமூகத்தார் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு வருகிறார்கள். அண்ணாச்சி தவறாமல் போவார். "எல்லையைத் தாண்டிப் பெண் கொடுத்த சம்பந்தம், சும்மா விட முடியுமா?" என்பார். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அமைதியாக ஒருவரை நினைத்துக்கொள்ள அது நாள் இல்லை.

பங்குனி, சித்திரையில் காடு காய்ந்து கிடக்கும். மிச்சம் தை பிற்பகுதியும் மாசித் தொடக்கமும். காலையில் பனி, பகலில் மிதமான வெயில், கூட்டமும் வடிந்திருக்கும். நாங்கள் தை கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டோம்.

ஆறாம் படி: வழியைத் தீர்மானியுங்கள்

அவருக்குப் பிடித்த வழியில் போங்கள். உங்களுக்குப் பிடித்த இடங்களைக் கூட்டிச் சுற்றுலாவாக்காதீர்கள். எங்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. செங்கோட்டை – புனலூர் ரயில் பாதை, சுமார் 49 கிலோமீட்டர். 1904-இல் திறக்கப்பட்ட மலைப்பாதை. 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதையாக்கி 2018-இல் மறுபடி திறந்தார்கள். அந்த எட்டு ஆண்டும் அண்ணாச்சி பகவதிபுரம் நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம், நோயாளியைப் பார்த்து வருவதுபோல.

பகலில் போகும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இரவு வண்டியில் போனால் குகைக்கும் வெளிக்கும் வித்தியாசம் தெரியாது. நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் முந்தின நாளும் இருமுறை பாருங்கள். எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. மலையேற்றத்தில் வண்டி மெதுவாகத்தான் போகும்; 49 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகவதிபுரம், நியூ ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். இந்தப் பெயர்களை அண்ணாச்சி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு திசையிலும் சொல்வார்.

கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம். மலையாளத்தில் கண்ணறை என்கிறார்கள். வண்டியில் இருக்கும்போது பாலத்தின் மேல் போகிறோம் என்பதே சரியாகத் தெரியாது. அழகெல்லாம் கீழே, கொல்லம் – திருமங்கலம் சாலையிலிருந்து பார்க்கும்போதுதான். ஆகவே போகும்போது ரயில், வரும்போது சாலை என்று வையுங்கள். பாலத்தின் மேலும் தண்டவாளத்திலும் நடந்து படம் எடுக்க ஆசைப்படுவார்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், வளைவில் வண்டி வருவது கண்ணில் படாது.

புனலூரில் இறங்கித் தொங்கு பாலம். 1877-இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கல்லடையாற்றின் குறுக்கே கட்டியது; இப்போது நடந்து போவதற்கு மட்டும். குளத்துப்புழை ஆறு, செந்துருணி ஆறு, கழுதுருட்டி ஆறு மூன்றும் தென்மலைப் பக்கம் கூடிக் கல்லடையாறாகி இந்தப் பாலத்தின் அடியில் ஓடுகின்றன. காலார நடந்து, நின்று, கீழே பார்க்கலாம். எங்கள் கூட்டத்துக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது.

திரும்பி வர வேன் பிடித்தால், மாநிலம் தாண்டுவதற்கான பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் முதல் நாளே கேளுங்கள். அவர் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறு வண்டி பாருங்கள். கோட்டவாசலில் இரண்டு மணி நேரம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். இல்லையென்றால் பஸ் இருக்கவே இருக்கிறது. அண்ணாச்சி வேனில் போகிறவர்களைப் பயணிகள் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஏழாம் படி: கட்டுச்சோறும் பிறவும்

ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சோறு, ஒரு பொட்டலம் தயிர்ச்சோறு, மாவடு. வாழையிலையில் கட்டித் தாளில் சுற்றுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதலும் கேரளத்தில் 2020 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. காட்டுச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குரங்குக்கு எதையும் போடாதீர்கள். காக்கைக்குச் சோறு வைப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: நினைவுகூரும் அந்த இருபது நிமிடம்

வண்டிக்குள் செய்யாதீர்கள். அவருக்கென்று ஒரு டிக்கெட் எடுத்து, காலி இருக்கையில் மாலை போட்ட படத்தை வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்க உருக்கமாக இருந்தது. ஆனால் கைப்பிள்ளையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருக்க, படத்துக்கு இருக்கை பிடித்து வைத்தால் அண்ணாச்சியே எழுந்து வந்து சண்டை போடுவார். அவருடைய இருக்கையில் நிற்கிறவர் யாராவது உட்காரட்டும்.

தொங்கு பாலத்தின் கரையில், மற்றவர்களுக்கு வழி விட்டு, ஒதுங்கி நின்றோம். சேர்த்த கதைகளிலிருந்து மூன்றைப் படித்தோம்: பாலருவி மன்னிப்பு, மூன்று கரண்டிச் சர்க்கரை, துபாய்க்காரர் ஒருவரின் தாயாரை நடுராத்திரி தென்காசி மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனது. துபாய்க்காரர் எழுதியதை அவருடைய தாயாரே வந்து படித்தார். மூன்று போதும், பத்து கதை வாசித்தால் ஆறாவதில் கைபேசியை எடுத்துவிடுவார்கள். மேடைப்பேச்சுக்காரர் குழுவில் இருந்தால் அவருக்குக் கட்டுச்சோறு பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு குரல் பதிவு. ஒன்றே ஒன்று. எங்களுடையது பதினேழு வினாடி: "எல்லாரும் ஏறியாச்சா? ஏறினவர்கள் ஏறியாச்சு என்று சொல்லுங்கள், ஏறாதவர்கள் ஏறவில்லை என்று சொல்லுங்கள்." இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிலர் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். குரலைப் போடுவதற்கு முன்னால் வீட்டாரிடம் கட்டாயம் கேளுங்கள். சிலரால் தாங்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒலிக்கவிடுவது கொடுமை.

ஒன்பதாம் படி: எதை விட்டுச் செல்வது

பாறையில் பெயர் எழுதாதீர்கள். செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துப் பகுதியில் எதையும் நடவோ பறிக்கவோ கூடாது. அண்ணாச்சி நினைவாக விதைப்பந்து வீசுகிறேன் என்று கிளம்புகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அந்தக் காட்டுக்குச் செங்குறிஞ்சி மரத்தால் பெயர் வந்தது. அதற்கு என்ன மரம் வேண்டும் என்று அதற்குத் தெரியும். மரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் வைத்து, தண்ணீர் ஊற்ற ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள்.

எங்களுக்குத் தோன்றியது சிறு புத்தகம். கதைகள், அவருடைய பஸ் நேரக் குறிப்புகள், அவர் எடுத்த படங்கள். படங்களுக்கும் எழுத்துக்கும் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். ஆகவே மதினியிடமும் மகனிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். அச்சகத்தில் ஒரு ஃபாரம் பதினாறு பக்கம் என்பதால் மொத்தப் பக்கங்களைப் பதினாறின் மடங்கில் நிறுத்துங்கள், எங்களுடையது நாற்பத்தெட்டு. விற்பனைக்கு வேண்டாம். நூறு படி அடித்தோம். சாயாக் கடைக்கு ஒன்று, நேரக்காப்பாளருக்கு ஒன்று.

பஸ் நேரங்கள் பழசாகிவிடுமே என்று கேட்டார்கள். ஆகும். அதைத் திருத்தத்தான் ஆண்டுதோறும் போகிறோம். ஒவ்வொருவரும் ஒரு நிலையத்தைப் பொறுப்பெடுத்து, மாறிய நேரத்தைப் புத்தக ஓரத்தில் பேனாவால் எழுதி வருகிறோம். இதுதான் நாங்கள் செய்தவற்றில் அவருக்கு நிச்சயமாகப் பிடித்திருக்கக்கூடிய ஒன்று.

பத்தாம் படி: வீட்டாரை அழையுங்கள், வற்புறுத்தாதீர்கள்

மதினி வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார். அண்ணாச்சி எத்தனையோ நூறு முறை போன அந்த வண்டியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவையாம். நாங்கள் பேச்சுக் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு எதிரில் இருந்தோம். செங்கோட்டை வயல்கள் முடிந்து மலை நெருங்கியது. பகவதிபுரம் தாண்டியது. குகைக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் வழக்கம்போலக் கூச்சல் போட்டார்கள். இருட்டில் என் கைபேசி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மதினி கேட்டார்:

"சிக்னல் போய்விட்டதா?"

"போய்விட்டது மதினி."

"இங்கேதானா? எத்தனை வருஷமா, அடுப்பில் கறி கொதிக்கக் கொதிக்கப் பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் அறுந்துவிடும். நான் என்னவோ என் பேச்சு பிடிக்காமல் வைத்துவிடுகிறார் என்று நினைத்தேன்."

வெளிச்சம் வந்தது. ஆரியங்காவுப் பக்கத்துக் காடு. மதினி அதற்குப் பிறகு புனலூர் வரை நிலையப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார்.

இந்தத் தைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினோரு பேர். முதல் பயணத்தில் முப்பத்திரண்டு. குறையும், அதற்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள், வராதவர்கள் பட்டியலையும் போடாதீர்கள். மதினி தன் தங்கையையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒற்றக்கல் நிலையத்தின் நேரத்தைத் திருத்தும் பொறுப்பு அவருக்கு. எலுமிச்சைச் சோறு இரண்டு பொட்டலம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.